காருக்கு புது 'சவுண்ட்' வைக்கிறீங்களா? ஒயரில் மிச்சம் பிடித்தால் வண்டியே போகும்!

கோட்டக்குப்பம்:-

சனி, ஞாயிறு வந்துவிட்டால் கோட்டக்குப்பம் வழியாக செல்லும் கிழக்கு கடற்கரை சாலையில் கார்களுக்கு பஞ்சமே இல்லை. சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு வரும் கார்கள் ஒருபக்கம். உள்ளூர் கால்டாக்சிகளும், லோடு வேன்களும் மறுபக்கம். இவற்றில் பல வண்டிகள் கண்ணுக்கு தெரிவதற்கு முன்பே 'டம்... டம்...' என்று சத்தம் வந்துவிடும்.

கம்பெனி கொடுத்த ஸ்பீக்கர் போதாது என்று ஆம்ப்ளிபையர், டிக்கியில் சப்-ஊபர் என்று மாட்டும் ஆசை இன்று சொந்தக்கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அல்ல. தவணையில் வண்டி ஓட்டும் டிரைவர்களுக்கும் இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பு இல்லை. ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, ஒயருக்கு சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதுதான் தப்பு.

ஓடும் கார் தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் 'மின்கசிவு' என்று ஒரே வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன நடக்கிறது? அது நடக்காமல் இருக்க ஒயரை எப்படி தேர்வு செய்வது, எப்படி இணைப்பது? அதுபற்றிய விவரம் வருமாறு:-

கண்ணூர் சம்பவம்

2023-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி கேரள மாநிலம் கண்ணூரில், பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்து சென்ற கார் நடுரோட்டில் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பின் சீட்டில் இருந்த 4 பேர் தப்பினார்கள். முன் சீட்டில் இருந்த கர்ப்பிணியும், அவரது கணவரும் வெளியே வர முடியாமல் பரிதாபமாக இறந்தனர்.

மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதல்கட்டமாக அதிகாரிகள் சந்தேகித்தனர். கார்களில் வெளியே கூடுதலாக மாட்டப்படும் கருவிகள், அவற்றின் ஒயரிங் பற்றி அதன்பிறகு கேரளாவில் பெரிய பேச்சு எழுந்தது. பேச்சு ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒயரை அறுத்து, முறுக்கி, டேப் சுற்றும் வேலை ஓயவில்லை.

12 வோல்ட்தானே என்ற அலட்சியம்

கார் பேட்டரி 12 வோல்ட். தொட்டால் 'ஷாக்' அடிக்காது. அதனால் ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ்.

வீட்டில் 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு எரிந்தால் ஒயரில் அரை ஆம்பியர் கூட ஓடாது. அதே 100 வாட்டை 12 வோல்ட் காரில் எடுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஒயரை சூடாக்குவது ஆம்பியர்தான். வீட்டு ஒயரிங் பழக்கத்தில் 'இந்த கனம் போதும்' என்று கண்மதிப்பு போடுவது காருக்கு ஒத்துவராது.

இன்னொரு விஷயம். காரின் பாடி முழுவதும் பேட்டரியின் மைனஸ் முனையோடு இணைந்தது. பிளஸ் ஒயர் எந்த இடத்தில் தோல் உரிந்து தகரத்தை தொட்டாலும் அங்கே 'ஷார்ட் சர்க்யூட்' ஆகும். என்ஜினை சுற்றிவிடும் அளவு பலம் உள்ள பேட்டரி, நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டும். சில நொடிகளில் ஒயர் பழுத்து, மேல் தோல் எரிந்து, கார்பெட்டும் சீட் பஞ்சும் பற்றிக்கொள்ளும். செய்தியில் வரும் 'மின்கசிவு' இதுதான்.

முதலில் கணக்கு

அட்டைப்பெட்டியில் 1000 வாட், 3000 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஒயர் வாங்கக்கூடாது. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் வாட்தான் தொடர்ந்து கிடைக்கும் உண்மையான சக்தி. 'பி.எம்.பி.ஓ.', 'மேக்ஸ்' என்பதெல்லாம் விளம்பரம்.

இதை கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆம்ப்ளிபையரின் உடம்பிலேயே பியூஸ் சொருகி இருந்தால் அதில் உள்ள எண்களை கூட்டுங்கள். 15 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 30 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் என்று வைத்தாலும் 30-ஐ 14-ஆல் பெருக்கினால் 420 வாட்தான். உள்ளே போவதே 420 வாட் என்றால் வெளியே 3000 வாட் எப்படி வரும்?

ஆர்.எம்.எஸ். தெரிந்தால் ஆம்பியர் கணக்கு இப்படி. 4 ஸ்பீக்கருக்கு தலா 50 வாட், மொத்தம் 200 வாட் ஆம்ப்ளிபையர் என்று வைத்துக்கொள்வோம். பழைய 'ஏபி கிளாஸ்' ரகம் என்றால் பாதி சக்தி சூடாகவே போய்விடும். ஆகவே 200 வாட் சத்தத்துக்கு 400 வாட் இழுக்கும். அதை 12-ஆல் வகுத்தால் சுமார் 33 ஆம்பியர். 'டி கிளாஸ்' ரகம் சுமார் 80 சதவீதம் வேலை செய்யும். அதே 200 வாட்டுக்கு 250 வாட், அதாவது சுமார் 21 ஆம்பியர் போதும்.

ஆம்ப்ளிபையரே வேண்டாம், டேஷ்போர்டு செட்டையும் ஸ்பீக்கரையும் மட்டும் மாற்றுகிறேன் என்பவர்களுக்கு இந்த கவலை இல்லை. அந்த செட் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் பியூசில் ஓடுவது. கம்பெனி போட்ட ஒயரே தாங்கும். புதிதாக கனமான ஒயர் இழுக்க தேவை இல்லை.

எந்த கனத்தில் ஒயர்?

எலக்ட்ரிக் கடையில் ஒயரை 'ஒன்றரை ஸ்கொயர், இரண்டரை ஸ்கொயர்' என்று கேட்டு வாங்குவது வழக்கம். உள்ளே உள்ள செம்பின் வெட்டுப்பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் கனம் கூடும்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும்போது வாங்கி வரும் செட்டுகளில் 'கேஜ்' கணக்கு இருக்கும். அது தலைகீழ். எண் குறைந்தால் கனம் கூடும். 10 கேஜ் என்பது சுமார் 5 ஸ்கொயர். 8 கேஜ் சுமார் 8 ஸ்கொயர். 4 கேஜ் சுமார் 21 ஸ்கொயர். '8 பெரிசு, 4 சின்னது' என்று நினைத்து மாற்றி வாங்கினால் போச்சு.

பேட்டரியில் இருந்து டிக்கி வரை சுமார் 5 மீட்டர் தூரத்துக்கு, சுத்த செம்பு ஒயரில் பாதுகாப்பான அளவு:-

* 30 ஆம்பியர் வரை - 6 ஸ்கொயர்

* 50 ஆம்பியர் வரை - 10 ஸ்கொயர்

* 80 ஆம்பியர் வரை - 16 ஸ்கொயர்

* 100 ஆம்பியர் வரை - 25 ஸ்கொயர்

இதை மீறினால் என்ன ஆகும்? அதே 33 ஆம்பியரை இரண்டரை ஸ்கொயர் வீட்டு ஒயரில் 5 மீட்டர் கொண்டுபோனால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். கிட்டத்தட்ட 38 வாட் சூடு ஒயருக்குள் உட்கார்ந்துவிடும். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். சத்தமும் சுத்தமாக வரும், ஒயரும் சுடாது.

வீட்டு ஒயரில் இன்னொரு குறை, கம்பி இழைகள் தடித்து இருக்கும். ஓடும் வண்டியின் அதிர்வுக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள, சூடும் ஆயிலும் தாங்கும் வாகன ஒயர்தான் சரி. 'கார் பேட்டரி ஒயர்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

செம்பா, அலுமினியமா?

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். விலை குறைந்த 'ஒயர் கிட்' பலவற்றில் இருப்பது 'சி.சி.ஏ.' என்னும் ஒயர். உள்ளே அலுமினியம், மேலே செம்பு பூச்சு. பார்த்தால் செம்பு மாதிரியே மின்னும். ஆனால் மின்சாரத்தை கடத்தும் சக்தி செம்பில் சுமார் 60 முதல் 65 சதவீதம்தான். செம்பில் 10 ஸ்கொயர் போதும் என்ற இடத்தில் இதில் 16 ஸ்கொயர் போட வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக தெரிந்தால் அலுமினியம். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் சுத்த செம்பு. கையில் தூக்கினாலும் தெரியும், அலுமினியம் லேசாக இருக்கும்.

இன்னொரு தந்திரம், ரப்பர் தோலை தடிமனாக போட்டு ஒயரை 'குண்டாக' காட்டுவது. வெட்டு வாயை பார்த்து உள்ளே உலோகம் எவ்வளவு என்று கவனித்து வாங்க வேண்டும். ஊதிப்போன தோலுக்கு காசு கொடுக்கக்கூடாது.

ஒரு முழத்துக்குள் பியூஸ்

இந்த செய்தியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் அது இதுதான். பிளஸ் ஒயரில், பேட்டரியில் இருந்து ஒரு முழத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

'ஆம்ப்ளிபையரிலேயே பியூஸ் இருக்கே, இது எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்ப்ளிபையரில் உள்ள பியூஸ் அந்த பெட்டியை காப்பாற்ற. பேட்டரி அருகே உள்ள பியூஸ் 5 மீட்டர் ஒயரை காப்பாற்ற. ஒயர் நடுவழியில் பாடியை தொட்டால் டிக்கியில் உள்ள பியூசுக்கு தகவலே போகாது. பேட்டரி பக்கத்து பியூஸ்தான் கண் இமைக்கும் நேரத்தில் உருகி தொடர்பை துண்டிக்கும்.

பியூஸ் அளவு ஆம்ப்ளிபையர் இழுப்பதைவிட கொஞ்சம் கூடுதலாகவும், ஒயர் தாங்குவதைவிட குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 33 ஆம்பியருக்கு, 10 ஸ்கொயர் ஒயரும் 40 ஆம்பியர் பியூசும் பொருத்தம்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று 40-ஐ எடுத்துவிட்டு 80 போடுவது, சிகரெட் பாக்கெட் ஈயத்தாளை சுற்றுவது, ஒயர் துண்டை சொருகுவது எல்லாமே கொள்ளிக்கட்டையால் தலை சொறியும் வேலை. பியூஸ் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அதை தேட வேண்டும்.

ஒயர் போகும் பாதை

வேலையை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் மாட்ட வேண்டும்.

என்ஜின் பகுதியில் இருந்து ஒயர் உள்ளே வரும் தகர ஓட்டைதான் மிகவும் ஆபத்தான இடம். தகர விளிம்பு கத்தி மாதிரி. வண்டி குலுங்க குலுங்க தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையில் ரப்பர் புஷ் போட்டு, அதன் உள்ளே ஒயரை விட வேண்டும். என்ஜின் பக்கம் நெளிவு குழாய்க்குள் ஒயரை நுழைத்து, சைலென்சர் குழாய், பேன், பிரேக் பெடல் பக்கம் போகாமல் கட்ட வேண்டும்.

சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் குறுக்கே ஒயர் போகக்கூடாது. டிக்கி தரையில் ஸ்குரூ போடும் முன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் அங்கே இருக்கலாம். கேஸ் சிலிண்டர் வைத்த கால்டாக்சிகளில் சிலிண்டர் பிடிமானத்திலோ, கேஸ் குழாயிலோ ஆம்ப்ளிபையரையும் ஒயரையும் கட்டவே கூடாது.

'எர்த்' சரி இல்லை என்றால் எல்லாம் வீண்

பிளஸ் ஒயருக்கு 10 ஸ்கொயர் போட்டுவிட்டு, மைனசுக்கு மெல்லிய கருப்பு ஒயரை ஏதோ ஒரு ஸ்குரூவில் சுற்றுவது வழக்கமாக நடக்கும் தப்பு. போகிற மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். எனவே 'பாடி எர்த்' ஒயரும் அதே கனம் இருக்க வேண்டும். நீளம் ஒரு முழத்தை தாண்டக்கூடாது.

தகரத்தில் பெயிண்டை சுரண்டி பளபளப்பாக்கி, ஒயர் முனையில் 'லக்' அழுத்தி, போல்ட் நட் போட்டு முறுக்க வேண்டும். பெயிண்ட் மேல் வைத்தால் இணைப்பே இல்லை. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கக்கூடாது. அது உயிர் காக்கும் போல்ட்.

கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், மரக்காணம் என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்புக்காற்று சுரண்டிய இடத்தை சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். செம்பில் பச்சை களிம்பு ஏறும். துரு ஏறினால் அந்த இடம் சூடாகும். முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது பெயிண்ட் பூசி, 6 மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

முறுக்கி டேப் சுற்றாதீங்க!

இரண்டு ஒயரை கையால் முறுக்கி கருப்பு டேப் சுற்றும் இணைப்பு கார் சூட்டில் நிற்காது. வெயிலில் பசை இளகி டேப் கழன்றுவிடும். லக், ஸ்லீவ் போட்டு அழுத்துவது, மேலே சூட்டில் சுருங்கும் டியூப் போடுவதுதான் முறை.

கம்பெனி ஒயரை அறுக்காமல் அந்தந்த மாடலுக்கு என்று கிடைக்கும் 'கப்ளர்' வாங்கி சொருகலாம். ஒயரை அறுத்தால் வண்டியின் வாரண்டிக்கு சிக்கல் வரும்.

தனியாக வாங்கும் செட்டுகளில் வழக்கமான நிறங்கள் இவை. மஞ்சள் - எப்போதும் பேட்டரி. சிவப்பு - சாவி போட்டால் வரும் மின்சாரம். கருப்பு - எர்த். நீலத்தில் வெள்ளைக்கோடு - ஆம்ப்ளிபையரை ஆன் செய்யும் ரிமோட் ஒயர். ஸ்பீக்கருக்கு வெள்ளை - முன் இடது, சாம்பல் - முன் வலது, பச்சை - பின் இடது, ஊதா - பின் வலது. அதே நிறத்தில் கருப்புக்கோடு இருந்தால் மைனஸ்.

ரிமோட் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிபையர் இரவு முழுவதும் ஆனிலேயே இருக்கும். காலையில் 'செல்ப்' எடுக்காது.

முக்கியமான எச்சரிக்கை. ஸ்டியரிங் அடியிலும், கதவு தூணிலும், சீட் அடியிலும் மஞ்சள் உறை போட்டு வரும் ஒயர் ஏர்பேக் ஒயர். அதை தொடவோ, டெஸ்ட் லேம்ப் வைக்கவோ கூடாது. எலக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் உயிரை குடிக்கும் உயர் மின்னழுத்தம். கிட்டேயே போகக்கூடாது.

'கொய்ங்...' சத்தம் ஏன்?

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் ஏறி வந்தால், எர்த் சரி இல்லை அல்லது பாட்டு சிக்னல் ஒயர் பவர் ஒயரோடு ஒட்டி போகிறது என்று பொருள். பவர் ஒயர் காரின் இடதுபக்கம் என்றால் சிக்னல் ஒயர் வலதுபக்கம் போகட்டும்.

ஸ்பீக்கருக்கு போகும் ஒயர் ஒன்றரை ஸ்கொயர் போதும். சப்-ஊபருக்கு இரண்டரை முதல் 4 ஸ்கொயர். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறினால் 'பேஸ்' அடித்துக்கொண்டு காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிபையரில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் ஒன்றரை வோல்ட் பேனா பேட்டரியை லேசாக தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டதே ஸ்பீக்கரின் பிளஸ்.

4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபையர் 2 ஓம் தாங்குமா என்று பார்த்துவிட்டு சேர்க்க வேண்டும். தாங்காது என்றால் சூடேறி கருகும்.

லாரி, பஸ் டிரைவர்களுக்கு

லாரி, பஸ்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். கார் செட்டை அதில் நேராக கொடுத்தால் உடனே காலி. ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தப்பு. ஒரு பேட்டரி எப்போதும் குறைந்து, இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதே வழி.

மழையும் இன்சூரன்சும்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி தண்ணீரில் நின்ற காரில் சீட் அடியில் இருக்கும் ஆம்ப்ளிபையரும், கார்பெட் அடியில் உள்ள இணைப்புகளும்தான் முதலில் கெடும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஆம்ப்ளிபையர் பியூசை கழற்றிவிட்டு, காய்ந்த பிறகு பார்த்து மாட்ட வேண்டும்.

வெளியே வாங்கி மாட்டிய சவுண்ட் சிஸ்டம் சாதாரண வாகன இன்சூரன்சில் தானாக சேராது. அதன் மதிப்பை சொல்லி, கூடுதல் பிரிமியம் கட்டி பாலிசியில் சேர்க்க வேண்டும். 'ஐ.எம்.டி. 24' என்று அதற்கு தனி பிரிவே உண்டு. சொல்லாமல் மாட்டினால் நஷ்டஈடு கேட்கும்போது தகராறு வரும்.

கடையில் கேட்க வேண்டியவை

வண்டியை கடையில் விட்டுவிட்டு டீ குடிக்க போகாமல் பக்கத்திலேயே நின்று இந்த 5 கேள்விகளை கேளுங்கள்:-

* ஒயர் சுத்த செம்பா? எத்தனை ஸ்கொயர்?

* பேட்டரி பக்கத்தில் பியூஸ் எங்கே? எத்தனை ஆம்பியர்?

* தகர ஓட்டையில் ரப்பர் புஷ் போட்டாச்சா?

* எர்த் எங்கே எடுத்திருக்கு? பெயிண்ட் சுரண்டியாச்சா?

* இணைப்புக்கு லக் போட்டதா, கையால் முறுக்கியதா?

வேலை முடிந்ததும் 20 நிமிடம் சத்தமாக ஓடவிட்டு ஒயரையும், பியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் வண்டியை எடுக்காதீர்கள். மல்டி மீட்டர் இருந்தால் பாட்டு ஓடும்போது பேட்டரியிலும், ஆம்ப்ளிபையரிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டை தாண்டினால் ஒயரோ, இணைப்போ சரி இல்லை.

ஓடும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் 'வீட்டுக்கு போய் பார்க்கலாம்' என்று இழுக்கக்கூடாது. உடனே ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி தள்ளி நிற்க வேண்டும். புகை வரும்போது பானெட்டை முழுவதும் திறந்தால் காற்று புகுந்து தீ கொழுந்துவிட்டு எரியும். பொருளை எடுக்க மறுபடியும் உள்ளே போகக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101, அவசர உதவிக்கு 112 என்ற எண்ணில் தகவல் கொடுக்கலாம்.